குடோன் சுவத்துல ஒட்டின பொட்டு

ஏம்மா, ஒரு உபகாரம் பண்ணுதியா? பின்னால கிளிப்பு அவுந்து தொங்குது, கொஞ்சம் குத்தி விடேன். எனக்குக் கை பின்னால போவாது. ஆங், அவ்வளவுதான். நீ என்ன இடக்கைக்காரியா? சரி, கோணலா இருந்தாலும் கெடக்கட்டும், இன்னைக்கு என் கொண்டையை யாரு பாக்கப் போறா. மத்த நாள்னா எங்க வீட்ல அவியளே போட்டு விட்டுருவாவ. இன்னைக்கு விடியக்காலமே தூத்துக்குடிக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டாவ.

சிரிக்காத. புருசன் பொண்டாட்டிக்குத் தலை சீவிக் கொண்டை போடுததுன்னா உனக்குச் சினிமா மாதிரி இருக்கும். எனக்குல்லா தெரியும் அந்த வெக்கக்கேடு. லாரிக்குக் கயிறு கட்டுத கை அது. கயிறு கட்டுத மாதிரியே இறுக்கி ஒரு முடிச்சைப் போட்டுட்டு, "ஆடுதான்னு பாருட்டி"ன்னு கேப்பாவ. ஜாக்கெட்டு கொக்கியும் கொஞ்ச நாள் அவியதான் மாட்டி விட்டாவ. வெக்கம் தாங்காம பின்கொக்கி ஜாக்கெட்டெல்லாம் எடுத்து டிரங்குப் பெட்டியில போட்டுட்டேன். இந்த வயசுல பச்சப்புள்ள மாதிரி ஒருத்தர் முன்னால முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கது, நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருக்கும்.

நீ செய்துங்கநல்லூர்ல ஏறினவதானே? பாத்திரக் கடையா? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். நான் டவுன்ல ஜவுளிக் கடை, சேலை செக்‌ஷன். என் பேரு வடிவு. கடை பேரு வேண்டாம், இன்னையோட அந்தச் சங்காத்தம் தீந்துச்சு. இந்தப் பையில என்ன இருக்குன்னு நெனைக்க? யூனிஃபார்ம் சேலை. துவைச்சு, தேச்சு, மடிச்சுக் கொண்டு போறேன். மேசையில வச்சுட்டு, "இந்தாங்க அண்ணாச்சி, ஆளை விடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

ஏன்னு கேக்க மாட்டியா? நீ கேக்காட்டியும் நான் சொல்லுவேன். இந்தப் பஸ்ஸு ஜங்ஷன் போய்ச் சேர ஏகப்பட்ட நேரம் கெடக்கு.

சேலை விக்கது சும்மா கெடையாது பாத்துக்க. கொண்டா, விரி, மடி, அடுக்குன்னு எவளும் செஞ்சிருவா. அதுல பெரிய காரியம், மேல போட்டுக் காட்டுததுதான். வந்தவளைக் கண்ணாடி முன்னால நிப்பாட்டி, முந்தானையைப் பிடிச்சு ஒரு வீசு வீசினா, அவ தோள்ல மடிப்புக் கலையாம போய் உக்காரணும். அந்த ஒரு நிமிசத்துல அவ மனசுல சேலை ஏறிரும். அப்புறம் நூறு சேலை காட்டினாலும் அதைத்தான் கேப்பா. எங்க செக்‌ஷன்ல அதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது. "வடிவக்கா கையில விழுந்தா வெறுங்கையோட ஒருத்தியும் போவ மாட்டா"ன்னு கடையில பேச்சு. நானா சொல்லல, அவளுவளே சொல்லுவாளுவ.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல ஆரம்பிச்சுது இந்த வலது தோள் வலி. மொதல்ல சுளுக்குன்னு நெனச்சேன். வேப்பெண்ணெ போட்டு உருவினேன். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. பொறவு பாத்தா, கை பாதிக்கு மேல ஏறவே மாட்டேங்கு. கதவுக்குத் தாப்பா போட்ட மாதிரி அங்கனயே நிக்கி.

யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்ல? எங்க செக்‌ஷன்ல முந்தி பிச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. தோள் வலின்னு வாயத் திறந்தா. "வீட்ல ரெஸ்ட் எடும்மா, சரியானதும் கூப்பிடுதோம்"னு அப்ப இருந்த சூப்பர்வைசர் சொன்னாரு. அவளை இன்ன வரைக்கும் கூப்பிடல. அதுவும் தோள் வலி வெளிய தெரியுத வலியா? கால்ல கட்டுப் போட்டிருந்தா பாத்ததும் ஐயோ பாவம்பாவ. இதைச் சொன்னா, வேலைக்குச் சொணங்கிக்கிட்டு நடிக்கான்னுதான் சொல்லுவாவ.

அதனால நான் ஒரு தந்திரம் பண்ணினேன். மேல்தட்டுச் சேலையை எவளும் கேட்டா, "அந்தக் கலர் உங்க நெறத்துக்கு எடுக்காது கேட்டேளா, இதைப் பாருங்க"ன்னு கீழ்த்தட்டுல உள்ளதை எடுத்துப் போடுவேன். ஒரு சீசன் பூரா இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கே கீழ்த்தட்டுச் சேலையைத்தான் உடுத்தி விட்டுருக்கேன். சிரி சிரி. இப்ப எனக்கே சிரிப்பு வருது. அன்னைக்கு எவளாச்சும் மேல்தட்டை அண்ணாந்து பாத்தா ஓடிப் போய்க் குறுக்க நிப்பேன்.

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்துச்சு. பொண்ணோட அம்மா, அத்தைமாரு, சித்திமாருன்னு ஒரு வேன் நிறைய. பொண்ணோட அம்மா ஒரு அரக்குச் சேலையை எடுத்துக் கையில கொடுத்து, "எங்க, எம்மவ மேல போட்டுக் காட்டுங்க"ன்னா. இத்தனை பேரு பாக்காவ. மறுக்க முடியுமா? முந்தானையைப் பிடிச்சு வீசினேன். வீசினேன்னுதான் நான் நெனச்சேன். கை பாதியில நின்னு, உசிரு போற மாதிரி ஒரு வலி. "அய்யோ"ன்னு கத்திட்டேன். சேலை அந்தப் பொண்ணு மூஞ்சியில போய் விழுந்துட்டு. கல்யாணப் பொண்ணு! மூஞ்சியை மூடி நிக்கா, அந்தம்மா "என்ன சகுனம் இது"ன்னு பதறுதா. பூமி பிளந்து அப்படியே உள்ள போயிரக் கூடாதான்னு இருந்துச்சு எனக்கு.

அப்ப வந்து நின்னாரு கோமதிநாயகம் அண்ணாச்சி. புது சூப்பர்வைசர். எப்பவும் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் நிப்பாரு, பெரிய அதிகாரி தோரணை. சரி, சீட்டைக் கிழிச்சாச்சுன்னு நெனச்சேன். அவரு கிழிக்கல. அந்த ஆளுவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிட்டு, என்னை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரு. அங்க ஒரு சின்னப் பொண்ணு, பிசியோதெரபி, என் கையைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாத்துட்டு, "தோள் இறுகிப் போச்சும்மா. சரியாகும், ஆனா நாளாகும். வேலையை விட வேண்டாம், தோளுக்கு மேல கையைத் தூக்குத வேலையை மட்டும் விடுங்க"ன்னா. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கதை மட்டும் எடுக்கணுமாம். தினம் சுவத்துப் பக்கம் நின்னு, பல்லி ஏறுத மாதிரி விரலை ஒவ்வொண்ணா மேல ஏத்தணுமாம். எட்டுன இடத்துல ஒரு அடையாளம் வச்சுக்கிட்டு, அடுத்த நாள் அதுக்குக் கொஞ்சம் மேல போவணுமாம்.

அதோட விட்டிருந்தா நான் இன்னைக்கு இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு வர மாட்டேன். அண்ணாச்சி என்ன பண்ணினாரு தெரியுமா? காலையில கடை திறக்க முந்தி எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிச் சாமி கும்பிடுவோம், கொண்டை சரியா இருக்கான்னு பாப்பாவ. அத்தனை பேருக்கும் முன்னால, "வடிவக்காவுக்குத் தோள்ல கோளாறு. அவங்க அதே கவுண்டர்லதான் இருப்பாங்க. மேல்தட்டுச் சரக்கையும், மேல போட்டுக் காட்டுததையும் பக்கத்துல இருக்கவங்க பாத்துக்கிடணும். வேற யாருக்கும் வலி இருந்தா இப்பவே கையைத் தூக்குங்க"ன்னுட்டாரு.

கேட்டியா கூத்தை? தோள் வலிக்காரியைக் கையைத் தூக்கச் சொன்னா எப்படித் தூக்குவா?

ஒருத்தி தூக்கல. ஒருத்திகூட! எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி ஆரோக்கியமா நிக்காளுவ. நான் ஒருத்திதான் அந்தக் கடையில ஒடஞ்ச பாத்திரம். தலையைக் குனிஞ்சவதான், அன்னையிலருந்து அந்தக் கடையில நிமிரல.

பொறவு உதவி உதவின்னு என்னைப் போட்டு வதைச்சிட்டாவ. நல்லா ஓடுத சேலையெல்லாம் நடுத்தட்டுக்கு இறக்கினாவ. ஏறி நிக்க ஒரு கட்டை செஞ்சு போட்டாவ. பக்கத்துக் கவுண்டர் முப்பிடாதிக்கு என் மேல்தட்டு வேலை. அவளும் எடுத்துத் தருவா, இல்லங்கல. ஆனா சும்மா எட்டினாலே எடுக்கலாம், அவ்வளவு உசரம் அவ. எட்ட மாட்டா. ஸ்டூலைத் தேடி, இழுத்துட்டு வந்து, ஏறி, ரெண்டு கையையும் நெஞ்சோட வச்சு மெல்ல எடுப்பா. கஸ்டமர் முன்னால என்னைக் காக்க வச்சு வேடிக்கை காட்டுததுக்குன்னே பண்ணுதான்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். சேலையை மேல போட்டுக் காட்டச் சொன்னா, "நீங்களே போட்டுப் பாருங்கக்கா, அப்பத்தான் உங்களுக்குத் தெரியும்"னு வந்தவ கையிலேயே கொடுத்துருவா. வேலை தெரியாதவ.

அந்தச் சுவத்து வேலையை வீட்ல செய்ய நேரம் ஏது? கடையில மாடிக் குடோன்ல சாப்பாட்டு நேரத்துல செய்வேன். அங்க யாரும் வர மாட்டாவன்னு நெனச்சேன். அடையாளம் வைக்கப் பென்சில் கெடையாது, நெத்திப் பொட்டை எடுத்து எட்டுன இடத்துல ஒட்டிருவேன். நாமதான் குளிக்கப் போனா கண்ணாடியில ஒட்டுவோம்லா, அந்தப் பழக்கம். மறுநாள் அதைத் தாண்டி ஒரு விரக்கடை போனா, பொட்டைப் பிச்சு மேல ஒட்டுவேன். உள்ளதைச் சொல்லணும்லா, அது ஏறுததைப் பாக்கதுக்கு மனசுக்கு ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு.

போன வாரம் போய்ப் பாக்கேன், என் பொட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பொட்டு.

கல்லு வச்ச நீளப் பொட்டு. அதை அந்தக் கடையில ஒருத்திதான் வைப்பா, முப்பிடாதி. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. மறுநாள் கறுப்புப் பொட்டு ஒண்ணு. அதுக்கும் மறுநாள் ரெண்டு மூணு. பொட்டே வைக்காத ஜெசிந்தா, சேலையில ஒட்டுத விலைச் சீட்டைக் கிழிச்சு ஒட்டியிருக்கா. அவ பில்லு போடுத இடத்துலருந்து மாடி ஏறி வந்து கேலி பண்ணணும்னா எவ்வளவு மெனக்கேடு, பாத்துக்க. எல்லாத்துக்கும் கீழ, இடுப்புக்குச் சத்தே மேல, பேனாவுல ஒரு கோடு. எந்த ஆம்பளையோ. ஆம்பளைகளும் சேர்ந்தாச்சு.

அதோட விட்டாளுவளா? ஒட்டுன இடத்துல ஒட்டுனபடி இருக்கா அந்தப் பொட்டுவ? இருக்காது. தினம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிக் கெடக்கும். என்னை மாதிரியே. தினம் ஒருக்க வந்து மாத்தி மாத்தி ஒட்டி வெளையாடுதாளுவ. சாப்பாட்டு ரூமுக்குப் போனா கப்புன்னு பேச்சு நின்னுரும். ரூம் பூரா ஒரே தைல வாடை. ஏசியில நின்னு நின்னு எல்லாருக்கும் சளி போல, ஒருத்தி முன்னால ஒருத்தி தேய்க்க மாட்டா, சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டுத் தேய்ப்பாளுவ. என்னைக் கண்டா டப்பாவை மறைச்சிருவாளுவ.

நேத்து சாயங்காலம் பொறுக்க முடியல. மாடிக்குப் போனேன். ஒண்ணு விடாம அத்தனையையும் பிச்சேன். உசரத்துல இருந்ததை இடது கையால பிச்சேன். அந்தப் பேனாக் கோட்டை எச்சியத் தொட்டு அழிச்சேன். அழிச்சிட்டுத் திரும்புதேன், வாசல்ல முப்பிடாதி நிக்கா. "எக்கா"ன்னா. "என்னட்டி எக்கா? ஒரு நாளைக்கு உனக்கும் வரும்டி, அன்னைக்குத் தெரியும்"னு மூஞ்சிக்கு நேரா சாபம் விட்டுட்டு விறுவிறுன்னு எறங்கி வந்துட்டேன். அவ என்னடான்னா, கண்ணுல தண்ணி விடுதா. நடிப்பு.

இந்தா, பாரு. இந்த டிபன் மூடிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன். இந்தப் பெரிய மெரூன் என்னுது. மத்தது பூரா அவளுவளுது. சேலைக்கு மேல இதையும் வச்சு, "நீங்க ஊரறியச் சொல்லப் போயி, உங்க ஆளுவ எனக்குச் செஞ்ச மரியாதையைப் பாருங்க அண்ணாச்சி"ன்னு நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேக்கப் போறேன்.

என்ன? என்ன கேக்க?

எல்லாம் ஒரே உசரத்துலயா இருந்துச்சுன்னா? இல்ல, இல்ல. அதான் சொன்னேன்லா, ஒண்ணு அங்கன, ஒண்ணு இங்கன. முப்பிடாதிது என்னுதுக்கும் கீழதான் கெடந்துச்சு. ஆமா, என்னை விட உசரம்தான் அவ. அவ கையை நீட்டினாலே...

கேலி பண்ணுதவ எதுக்குக் கீழ ஒட்டணும்னு கேக்க.

இரு. கொஞ்சம் பேசாம இரு.

கேலின்னா மேலதானே ஒட்டுவா. "நீ ஏறாத இடத்துல நான் ஏறிட்டேன் பாத்தியா"ன்னு உச்சியிலல்லா ஒட்டணும். அந்தக் கறுப்புப் பொட்டு மூணு நாளா ஒரே இடத்துல கெடந்து, பொறவு ஒரு விரக்கடைதான் ஏறிச்சு. வெளையாடுதவளுக்கு விரக்கடை கணக்கு எதுக்கு?

ஸ்டூலைப் போட்டு ஏறினாளே முப்பிடாதி. ரெண்டு கையையும் நெஞ்சோட வச்சு. ஏசப்பா, முருகா, யாராச்சும் என்னைச் செருப்பைக் கழத்தி அடிங்களேன். அந்தத் தைல வாடை! சளியாம்லா, சளி. எனக்குத் தோள் இறுகிச்சா, மூக்கும் சேர்ந்து அடைச்சுப் போச்சா? நான் எப்படி வீட்ல ஒளிச்சு வச்சுத் தேய்ச்சேனோ அப்படியேதானே அவளுவளும் தேய்ச்சிருக்காளுவ. அந்தப் பேனாக் கோடு... அண்ணாச்சி கை. பாக்கெட்டுக்குள்ளயே கெடக்குமே அந்தக் கை. அதிகாரம்னுல்லா நெனச்சேன்.

அன்னைக்குக் கையைத் தூக்குங்கன்னாரே. ஒருத்தியும் தூக்கலியே. பிச்சம்மாவை எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். பகல்ல வரிசையில தூக்க முடியாத கையை, மாடியில போய் ஆளில்லாத நேரம் சுவத்துல தூக்கியிருக்காளுவ. நான் ஒட்டினதைப் பாத்துட்டுத்தான் ஒட்டியிருக்காளுவ. அதை நான் பிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

உனக்கும் வரும்டின்னு சொன்னேன் அவகிட்ட. வலி வந்தவளையே பாத்து!

என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள போவேன் நான்? பேசாம அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிருதேன். சேலையை எவ கையிலயாச்சும் கொடுத்து விட்டுருதேன். அவ கண்ணுல தண்ணி வந்துச்சும்மா. நடிப்புன்னு நெனச்சேன். என் வலியைச் சொன்னா நடிப்பும்பாவன்னு பயந்தவ நான், அவளைப் பாத்து நடிப்புங்கேன்.

என்னது? திருப்பி ஒட்டவா? எப்படி ஒட்ட? எது யாருதுன்னு தெரியுது. இந்தா, இது முப்பிடாதி, இந்த விலைச் சீட்டு ஜெசிந்தா. எங்கன இருந்துச்சுன்னு எவ கண்டா? சுவரு மொட்டையா நிக்கி. நான் பாட்டுக்கு ஏதோ ஒரு இடத்துல ஒட்ட முடியுமா, ஒவ்வொண்ணும் ஒருத்தி ராத்திரியெல்லாம் தூங்காம வலிச்ச வலிலா.

ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுத்தான் கேக்கணும். "எங்க, கையைத் தூக்குட்டி, எதுவரைக்கும் வருதுன்னு பாப்போம்"னு. எல்லாரும் ஒண்ணா நின்னு தூக்கணும். முதல்ல நான் தூக்கணும். முப்பிடாதி கால்ல விழுந்துட்டுத்தான் தூக்கணும். காறித் துப்பினாலும் துடைச்சிக்கிடணும், வேற என்ன செய்ய. வேலையை விட்டுட்டு வீட்ல போய் உக்காந்தா அவ என்னன்னு நெனைப்பா? பிச்சம்மா மாதிரி இவளும் போயிட்டா, அடுத்தது நாமன்னுல்லா நெனைப்பா.

மணி என்ன? சாமி கும்பிடுததுக்குள்ள போயிரலாமா? பாத்ரூம்ல இந்தச் சேலையை மாத்திக்கிடலாம், தேச்சுத்தான் வச்சிருக்கேன்.

அது சரி, நீ எப்படிக் கேட்ட அந்தக் கேள்வியை? எனக்கு இத்தனை நாள் தோணல, பாத்திரக் கடைப் பொண்ணுக்கு எப்படித் தோணிச்சு? ஏறினதுலருந்து பாக்கேன். இடது கையாலதான் கம்பியைப் பிடிச்ச, இடது கையாலதான் எனக்குக் கிளிப்பு குத்தின. டிக்கெட்டை வாங்கினது மட்டும் வலது கை, அதுவும் முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சு. இடக்கைக்காரின்னு நான் கேட்டப்போ நீ பதிலே சொல்லலியே.

அண்டா தூக்கி மேல அடுக்குததுல வந்ததா?

தலையைக் குனியாதட்டி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க கடையிலயும் மாடி இருக்கும்லா, சுவரு இருக்கும்லா. உன் நெத்தியில பொட்டும் இருக்கு.

சரி, இப்ப இந்தக் கொண்டையை அவுத்து ஒழுங்காப் போட்டு விடு, வாசல்ல பாப்பாவ. ஒரு கையால எப்படிப் போடன்னு முழிக்காத. நீ உன் இடது கையால சுத்து, நான் என் இடது கையால பிடிச்சுக்கிடுதேன். இறுக்கு, இன்னும் இறுக்கு. சீக்கிரம், வண்ணாரப்பேட்டை வந்துட்டு, அடுத்தது ஜங்ஷன்தான்.